முன்னே விதைப்பதா, பொறுத்து விதைப்பதா: மழையை நம்பிய தானியப் பயிருக்கு நாள் குறிப்பது

மானாவாரியில் தானியம் போடுகிறவரிடம் எப்போது விதைப்பு என்று கேட்டால், பெரும்பாலும் அண்ணாந்து வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். முதல் மழை என்றைக்கு வரும் என்பதுதான் நம் எல்லோருக்கும் கேள்வி. எனக்கென்னவோ அது பாதிக் கேள்வி என்றே தோன்றுகிறது. பயிர் எந்த வாரத்தில் பூக்கும், அப்போது மண்ணில் ஈரம் இருக்குமா, மணி முற்றும் நேரத்தில் மழை விட்டிருக்குமா என்பது மீதிப் பாதி. இந்த மீதிப் பாதியைப் பார்க்காமல் விதைத்தவர்கள்தான், மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் விளைச்சல் போய்விட்டது என்று நிற்பார்கள்.

தானியப் பயிர் ஒன்றுக்கொன்று முரணான இரண்டைக் கேட்கிறது. பூக்கும்போது ஈரம் வேண்டும், முற்றும்போது மழை கூடாது. மக்காச்சோளத்துக்குக் கதிர் நுனியில் பட்டுநூல் வெளிவருவதற்கு இரண்டு வாரம் முன்னும் இரண்டு வாரம் பின்னும் தண்ணீர் இல்லையென்றால், அதற்குப் பின் எவ்வளவு பெய்தாலும் கதிரில் மணி இருக்காது. நெல்லுக்குக் கதிர் வெளிவரும் நேரத்து வறட்சி அப்படியே பதராகத் திரும்பி வரும். கம்புக்கு வேறு தொல்லை: பூத்திருக்கும்போது அடைமழை பிடித்தால் மகரந்தம் கழுவிக்கொண்டு போய்விடும், கூடவே தேன் ஒழுகல் நோயும் வரும். சோளம் வறட்சியைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் மணி பால் கட்டியதிலிருந்து மழை விடாமல் பெய்தால் கதிரிலேயே பூஞ்சாணம் படர்ந்து மணி கறுத்துப்போகும்.

அதனால் நாளைப் பின்னாலிருந்து எண்ணிப் பார்ப்பது நல்லது. சோளம் பூத்ததிலிருந்து மணி முற்ற ஏறக்குறைய 35 முதல் 40 நாள் ஆகும். கனமான களிமண், வேர் 1 மீட்டர் இறங்கியிருக்கிறது, மழை ஓய்ந்த அன்று பயிருக்கு எட்டும் நீர் 150 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பயிர் நாளொன்றுக்கு 5 மி.மீ. குடித்தால் அது 30 நாளுக்கு வரும். அப்படியானால் கடைசி மழைக்குப் பத்து நாள் முன்பு பூத்தாலும் மணி நிரம்பிவிடும். அதே பயிர் மணற்பாங்கான நிலத்தில் நின்றால் 60 மி.மீ. தேறினாலே அதிகம். பன்னிரண்டு நாளில் அது காலி. அங்கே கடைசி மழைக்கு ஏறக்குறைய நான்கு வாரம் முன்பே பூத்தாக வேண்டும். ஒரே ஊர், ஒரே மழை, ஒரே ரகம் என்றாலும் மண் மாறியதும் பூக்க வேண்டிய தேதி இரண்டு வாரத்துக்கு மேல் நகர்ந்துவிடுகிறது. பக்கத்து நிலத்துக்காரர் விதைத்துவிட்டார் என்பதற்காக நாமும் ஓட வேண்டியதில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய சோள ரகங்கள் இந்தக் கணக்கைத் தாமே போட்டுக்கொள்கின்றன. பகல் பொழுது குறைவதை உணர்ந்து பூப்பவை அவை. முன்னதாக விதைத்தாலும் ஒரு மாதம் தள்ளி விதைத்தாலும் பூக்கும் தேதி அதிகம் நகராது. மழைக்காலம் முடியும் தறுவாயில், ஆண்டுக்காண்டு ஏறக்குறைய அதே வாரத்தில் கதிர் வெளிவரும். புது ரகங்கள் பலவற்றுக்கு இந்தக் கடிகாரம் கிடையாது. விதைத்த நாளிலிருந்தே நாள் எண்ணத் தொடங்கிவிடும். அதனால் எண்ணுகிற வேலை நம் தலையில் விழுந்தது. ஆஸ்திரேலியக் கோதுமை விவசாயிகளும் இப்படித்தான் பின்னாலிருந்து எண்ணுகிறார்கள். அங்கே ஒரு பக்கம் உறைபனி, மறுபக்கம் வெயிலும் வறட்சியும். இரண்டுக்கும் நடுவே பூக்கிற மாதிரிதான் ரகத்தையும் விதைப்பு நாளையும் பொருத்துகிறார்கள்.

சரி, பூக்கும் வாரம் முடிவாகிவிட்டது. அதிலிருந்து பின்னோக்கி வந்தால் விதைக்க ஓர் இடைவெளி கிடைக்கும், இரண்டு வாரமோ மூன்று வாரமோ. அதற்குள் எப்படி இறங்குவது என்பதில்தான் ஆளாளுக்கு ஒரு வழி.

புழுதியில் விதைப்பது

மழைக்கு முன்பே, காய்ந்த மண்ணில் விதையை இறக்கிவிட்டுக் காத்திருப்பது முதல் வழி. சூதாட்டம் மாதிரித் தெரியும். ஆனால் இதற்குப் பின்னால் வலுவான காரணங்கள் இரண்டு உண்டு. கனமான கரிசல் மண்ணில் நல்ல மழை பெய்துவிட்டால் பல நாளுக்குக் காலே வைக்க முடியாது, ஏர் எங்கே ஓட்டுவது? முன்பே விதைத்தவருக்கு அந்த நாட்கள் மிச்சம். இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாதது. காய்ந்து கிடந்த மண்ணில் முதல் ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் ஒரே மூச்சில் விழித்துக்கொண்டு, மட்கிலிருந்து தழைச்சத்தை வெளியே தள்ளும். 1950களில் கிழக்கு ஆப்பிரிக்க மண்களில் இதை விரிவாக ஆராய்ந்த பர்ச் என்பவரின் பெயராலேயே இதைப் பர்ச் விளைவு என்கிறார்கள். அந்தச் சத்து அதிக நாள் தங்காது. அடுத்தடுத்த மழையில் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். அது வரும்போது வயலில் வேர் இருந்தால் பயிருக்குக் கிடைக்கும். நாம் இரண்டு வாரம் கழித்து வந்தால் களைதான் தின்று கொழுத்திருக்கும்.

இதில் ஆழம்தான் சூட்சுமம். மேலாகத் தூவினால் அற்பத் தூறலிலும் விதை முளைவிட்டு, அடுத்த வெயிலில் கருகும். 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் தூறல் அதுவரை எட்டாது, உருப்படியான மழைக்குத்தான் முளைக்கும். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற வேளாண் ஆய்வு நிறுவனம் கரிசல் நிலங்களுக்குப் புழுதி விதைப்பைப் பரிந்துரைத்தபோது, பருவத் தொடக்க மழை நம்பகமாக இருக்கும் பகுதிகளுக்கு மட்டும் என்று எல்லை போட்டே சொன்னது. அந்த எல்லையை மறந்துவிட்டு இந்த முறையை மட்டும் எடுத்துக்கொண்டால் வம்புதான். அப்புறம், கம்பு மாதிரிப் பொடி விதைக்கு இது சரிப்படாது. அவ்வளவு ஆழத்திலிருந்து மேலே வர அதற்குத் தெம்பு இல்லை.

இழப்புகளும் உண்டு. மழை தள்ளிப்போகிற ஒவ்வொரு வாரமும் எறும்பு, எலி, பறவை எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். திடீரென்று கொட்டி, அடுத்த நாளே வெயில் காய்ந்தால் மேல்மண் பொருக்குத் தட்டி, முளை உள்ளேயே மடங்கிவிடும். களையும் பயிரும் ஒன்றாக முளைப்பதால் முதல் களையெடுப்பைத் தள்ளிப்போடவே முடியாது. ஆள் கிடைக்காத இடத்தில் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் புழுதி விதைப்பை வேண்டாம் என்பேன்.

முதல் மழைக்கே விதைப்பது

பலரும் செய்வது இதைத்தான். எனக்கு மிகவும் பிடிக்காததும் இதுதான். மழை பெய்துவிட்டது என்ற மகிழ்ச்சியில், எவ்வளவு பெய்தது என்று யாரும் அளப்பதில்லை. 1 மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். ஒரு ஹெக்டேருக்கு 10,000 லிட்டர் என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். ஆனால் கோடை முடிவின் வெக்கையில் மண்ணிலிருந்து நாளொன்றுக்கு 5, 6 மி.மீ. வரை ஆவியாகப் போகக்கூடும். 10 மி.மீ. மழை என்பது இரண்டு மூன்று நாள் சமாச்சாரம்.

ஒருமுறை நானும் இப்படி 12 மி.மீ. மழையை நம்பி மக்காச்சோளம் ஊன்றினேன். பாதி முளைத்தது, பாதி அடுத்த மழைக்காகக் காத்திருந்தது. இரண்டாம் மழையில் மீதியும் முளைத்தபோது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பிந்தி முளைத்த செடிகள் முந்தியவற்றின் நிழலில் நின்று, கடைசிவரை தண்ணீரும் உரமும் குடித்துவிட்டு, கதிர் என்று சொல்லும்படி ஒன்றும் தரவில்லை. வயல் முழுக்க முளைக்காமல் போயிருந்தால் மறுவிதைப்பு செய்திருப்பேன். பாதி முளைப்பு அதற்கும் வழிவிடாது.

நனையும்வரை பொறுப்பது

மூன்றாவது வழி, மண் உள்ளே இறங்கி நனையும்வரை காத்திருப்பது. எவ்வளவு நனைந்தால் போதும்? மேற்கு ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதிக்காக 1988ல் சிவகுமார் என்ற வேளாண் வானிலை ஆய்வாளர் ஒரு வரையறை கொடுத்தார். தொடர்ந்து மூன்று நாளுக்குள் 20 மி.மீ. பெய்ய வேண்டும், அதற்கடுத்த 30 நாளில் ஏழு நாளுக்கு மேல் மழையில்லா இடைவெளி இருக்கக் கூடாது. அதுதான் பருவத் தொடக்கம். அவருடைய அளவு அந்த மண்ணுக்கும் அந்த வெயிலுக்கும் உரியது, களிமண்ணுக்கு 20 மி.மீ. மேலோட்டமான ஈரம்தான். ஆனால் யோசிக்கும் விதம் எங்கும் பொருந்தும்.

அந்த வரையறையின் இரண்டாம் பாதியைக் கவனித்தீர்களா? அடுத்த 30 நாளைப் பற்றியது அது. விதைப் பெட்டியோடு வரப்பில் நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்? வானிலை முன்னறிவிப்பும் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. நாலைந்து நாளுக்கு நம்பலாம், பத்து நாளைத் தாண்டினால் அதன் பிடி தளர்ந்துவிடும். ஆகவே விதைப்பு முடிவுக்கு முன்னறிவிப்பைவிடப் பழைய மழைப் பதிவேடு உதவும். அருகில் உள்ள மழைமானியின் 20, 30 ஆண்டுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாரமாகப் பாருங்கள்: இந்த வாரத்தில் விதைக்கும் அளவு மழை எத்தனை ஆண்டு பெய்தது, அதில் எத்தனை ஆண்டு பின்னால் பத்து நாள் காய்ந்தது? 30க்கு 12 முறை ஏமாற்றியிருந்தால் நான் பொறுப்பேன். 4 முறை என்றால் இறங்கிவிடுவேன். நடுவில் இருந்தால் மண்ணைப் பார்ப்பேன். களிமண் பத்து நாள் காய்ச்சலைத் தாங்கிக் காட்டும், மணல் தாங்காது.

பொறுத்து விதைப்பதில் களை விஷயத்தில் நமக்கு ஒரு ஆதாயம் உண்டு. முதல் மழைக்கு முளைத்த களையை ஒரு மேலுழவில் அழித்துவிட்டு, சுத்தமான நிலத்தில் விதைக்கலாம். தழைச்சத்தில் கொஞ்சம் கைவிட்டுப் போகும், அது இதற்கான விலை. சோளத்தில் இன்னொரு விலையும் உண்டு: குருத்து ஈ. முதலில் விதைத்த வயல்களில் பெருகிய ஈக்கள், பிந்தி விதைத்த இளம் பயிரில் வந்து முட்டையிடும். நீங்கள் பொறுப்பதாக இருந்தால் சுற்று வட்டாரமே பொறுத்தால்தான் நல்லது. ஒருவர் மட்டும் மூன்று வாரம் பிந்தினால், ஊர் ஈயெல்லாம் அவர் வயலில்தான்.

விதையை ஊறவைத்து, மேல் ஈரம் மட்டும் உலர்த்தி விதைப்பது இங்கே கைகொடுக்கும் சின்ன உத்தி. மக்காச்சோளத்துக்கு 12 முதல் 18 மணி நேரம், சோளத்துக்கு 8 மணி நேரம் போல ஊறினால் போதும். முளை எட்டிப்பார்க்கும் அளவுக்கு விடக் கூடாது. ஓரிரு நாள் முந்தி, ஒரே சீராக முளைக்கும். ஈரம் ஓடிக்கொண்டிருக்கும் மண்ணில் அந்த ஓரிரு நாள் பெரிய விஷயம்.

விதை அளவும் வயதும்

இந்த மூன்று வழிகளில் எதை எடுப்பது என்பதற்கு, யாரும் அதிகம் பேசாத ஓர் அளவுகோல் விதை அளவு. ஒரு ஹெக்டேருக்குக் கம்பு 4, 5 கிலோ போதும், சோளம் 10 கிலோ போல. மக்காச்சோளம் 20 கிலோ. நேரடி நெல் விதைப்புக்கு 60, 80 கிலோ ஆகும், கோதுமைக்கு 100 கிலோவைத் தொடும். சொந்த விதைக் கம்பு வைத்திருப்பவர் முதல் மழைக்கே துணிந்து போட்டுவிட்டு, காய்ந்தால் மறுபடி போடலாம். போவது ஒரு படி விதையும் ஒரு நாள் உழைப்பும். கோதுமைக்காரரோ வீரிய ஒட்டு மக்காச்சோளம் போடுபவரோ அந்தத் துணிச்சலுக்கு நிறையக் கொடுக்க வேண்டியிருக்கும். அவர் பொறுப்பதே சரி.

மழை பிந்திவிட்டால் குறுகிய வயது ரகத்துக்கு மாறுவது எல்லோருக்கும் தெரிந்த யோசனை. சாஹேல் ஆய்வும் அதற்கு ஆதரவுதான். அங்கே மழை முடியும் தேதி தொடங்கும் தேதி அளவுக்கு ஆடுவதில்லை. அதனால் சீக்கிரம் தொடங்கிய ஆண்டு நீண்ட பருவம், பிந்தித் தொடங்கினால் குறுகிய பருவம். இரண்டு வயதிலும் விதை கையில் இருந்தால் மழை வந்த தேதியைப் பார்த்து எடுக்கலாம். இதில் கவனிக்காமல் விடுவது எதிர்ப்பக்கத்தை. மழை சீக்கிரம் வந்த ஆண்டில் குறுகிய வயது ரகத்தைப் போட்டால், அது மழைக்கு நடுவிலேயே முற்றித் தொலைக்கும். சீக்கிரம் முற்றும் சோள ரகங்கள் பரவிய பல இடங்களில் கதிர்ப் பூஞ்சாணம் பெரிய தலைவலியாக மாறியதற்குக் காரணம் இதுதான். பழைய நீண்ட வயது ரகங்கள் மழை ஓய்ந்த பிறகு முற்றியதால் தப்பித்துக்கொண்டிருந்தன.

நிலத்தைப் பாதியாகப் பிரித்து இரண்டு வாரம் விட்டு விதைப்பது? ஒரே காய்ச்சலில் இரண்டும் பூக்காது என்பதால் முழுதாகப் போகாது. சிறு நிலத்தில் மட்டும் இதை நான் தவிர்ப்பேன். தனியாக முன்னே முற்றும் ஒரு துண்டு நிலம் பறவைகளுக்கு விருந்து.

அறுவடையில் கணக்கு வேறு

விதைப்புக்குக் கைவிட்ட முன்னறிவிப்பு அறுவடையில் நன்றாக உதவும். இங்கே நமக்குத் தேவை மூன்று நான்கு நாள்தான். கேள்வியும் எளிமையானது: ஈரமாகவே அறுத்து வெளியே காயவைப்பதா, கதிரிலேயே காயவிட்டு அறுப்பதா?

இதற்குப் பயிருக்குப் பயிர் பதில் மாறும். நெல்லை நான் ஒருபோதும் கதிரிலேயே முழுதாகக் காயவிட மாட்டேன். மணிகளில் 80 முதல் 85 சதவீதம் வைக்கோல் நிறத்துக்கு வந்து, ஈரப்பதம் 20 முதல் 25 சதவீதத்துக்குள் இருக்கும்போது அறுப்பதுதான் பதம். அதைத் தாண்டி நின்று, 15 சதவீதம் வரை காய்ந்த மணிமேல் மழையோ கடும் பனியோ பட்டால், மணி ஈரத்தை மறுபடி உறிஞ்சி உள்ளே விரிசல் விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அரவை ஆலையில் நொய்யாகக் கொட்டும்போதுதான் தெரியும்.

கோதுமையின் ஆபத்து வேறு. முற்றிய கதிரில் தொடர்ந்து ஈரம் பட்டால் மணி செடியிலேயே முளைக்கத் தொடங்கும். முளை கண்ணுக்குத் தெரியும் முன்பே உள்ளே மாவுச்சத்தைக் கரைக்கும் நொதி வேலையை ஆரம்பித்துவிடும். மாவு ஆலைகள் இதற்கென்றே ஒரு சோதனை வைத்திருக்கின்றன. மாவும் நீரும் சேர்த்துச் சூடாக்கிய கூழில் ஒரு கோல் அடிவரை இறங்க எத்தனை நொடி என்று பார்ப்பார்கள். 300 நொடிக்கு மேல் என்றால் நல்ல மணி, 200க்கும் கீழே போனால் மழை தின்றுவிட்டது என்று அர்த்தம். சிவப்புத் தோல் ரகங்களுக்கு உறக்க காலம், அதாவது முற்றிய மணி முளைக்காமல் இருக்கும் காலம், பொதுவாக அதிகம், வெள்ளை ரகங்கள் சீக்கிரம் முளைத்துவிடும். மழை வருகிறது என்றால் வெள்ளைக் கோதுமையை முதலில் அறுங்கள்.

மக்காச்சோளத்துக்குத்தான் பொறுமை காட்டலாம். மணியின் அடிப்பகுதியில் கறுப்புப் படலம் வந்துவிட்டால் முற்றிவிட்டது, அதற்குமேல் எடை கூடாது. அப்போது ஈரப்பதம் 30 முதல் 35 சதவீதம் இருக்கும். உறை இறுக மூடியிருக்கும் ரகமாக இருந்தால் ஓரிரு மழையைத் தாங்கும். மத்திய அமெரிக்காவில் முற்றிய செடியைக் கதிருக்குக் கீழே மடித்துவிட்டு, கதிரின் நுனி தரையைப் பார்க்கும்படி தொங்கவிடுகிறார்கள். மழைநீர் உறைக்குள் இறங்காமல் வழிந்துவிடும். சோளத்துக்கு இந்த வசதி இல்லை, மணி திறந்தே கிடக்கிறது. எனவே முற்றியதும் கதிரை அறுத்து நிழலுக்குக் கொண்டுபோவதே மேல்.

ஈரமாக அறுப்பது என்று முடிவெடுத்தால் அடுத்த தடை உலர்த்தும் இடம். இங்கேதான் பலருக்கும் கணக்கு தவறுகிறது. 24 சதவீத ஈரத்தில் அறுத்த 1 டன் நெல்லை 14 சதவீதத்துக்குக் கொண்டுவர, ஏறக்குறைய 116 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். வெயிலில் காயவைக்க 3 செ.மீ. கனத்துக்குப் பரப்பினால் 1 டன்னுக்கு 60 சதுர மீட்டர் போல இடம் பிடிக்கும். ஹெக்டேருக்கு 5 டன் விளைந்தால் 300 சதுர மீட்டர், அதுவும் அரை மணிக்கொரு தரம் கிளறிவிட ஆளோடு. அறுவடை இயந்திரம் ஓரிரு மணி நேரத்தில் அந்த ஹெக்டேரை முடித்துவிடும். உங்கள் களம் 100 சதுர மீட்டர்தான் என்றால் மீதி நெல் குவியலில் கிடந்து, ஒரே நாளில் சூடேறி மஞ்சளிக்கத் தொடங்கும்.

மூன்று நாளில் மழை என்கிறார்கள், நெல் 24 சதவீதத்தில் நிற்கிறது என்றால், நான் களம் கொள்ளும் அளவுக்கு மட்டும் அறுப்பேன். சாயக்கூடிய பகுதியை முதலில், தாழ்வான பகுதியை அடுத்து. மிச்சம் வயலில் நிற்கட்டும். 24 சதவீதத்தில் இருக்கும் மணி ஒரு மழைக்கு விரிசல் விடாது, நின்ற தாளில் காற்றோட்டமும் இருக்கும். மழை விட்ட இரண்டாம் நாள் பனி காய்ந்ததும் ஈரமானியை எடுத்துக்கொண்டு மறுபடி போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.